சும்மா நிற்க விடாத அக்கா

போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஏலக்காய்க் கிட்டங்கி வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்று காணாமல் போனதை விசாரிக்க வந்தவர் அவர். சைக்கிளுக்குச் சொந்தக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று அவர் நிலையில் சாய்ந்து நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ராசிங்காபுரத்து அக்கா நாங்கள் சொளகு என்று சொல்லும் முறத்தில் இரண்டு கை ஏலக்காயை அள்ளிப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"சும்மாதான நிக்கிறீக சார். வெளுத்தத மட்டும் எடுத்துப் போடுங்க. அவன் இப்ப வந்துருவான்."

அவர் முறைத்தார். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்கு அடுத்த சாக்கைப் பிரிக்கிற வேலை இருந்தது. கையில் வந்துவிட்ட சொளகை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தவர், கடைசியில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள்காரன் திரும்பி வந்து எதிரில் நின்று தொண்டையைக் கனைத்த பிறகுதான் நிமிர்ந்தார். போகும்போது, "எல்லாம் பொறுக்கிட்டேன், சரியான்னு பாத்துக்கங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேறு போனார். சைக்கிள் கிடைத்ததா என்று எனக்கு நினைவில்லை.

போடிநாயக்கனூரில், மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை ரகம் பிரித்து மூட்டை கட்டும் கிட்டங்கிகள் அப்போது தெருவுக்கு இரண்டு இருந்தன. எழுபதுகளின் நடுவில் அப்படி ஒன்றில் நான் இருந்தேன். இரண்டு வரிசையாகப் பதினெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, ஆளுக்கொரு சொளகை மடியில் வைத்துக்கொண்டு, பச்சை நிறம் மாறாத முழுக்காயை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் என்று பிரிப்போம். எங்களுக்கெல்லாம் மூத்தவள் இந்த அக்கா. அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ராசிங்காபுரத்திலிருந்து வருவதால் ராசிங்காபுரத்தக்கா. முதலாளிக்கும் அப்படித்தான், தபால்காரருக்கும் அப்படித்தான்.

குட்டையான உருவம். கரகரத்த குரல். கிட்டங்கிச் சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். அவள் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவளுக்கு முன்னால் வேறு யாருடைய கையும் ஓய்ந்திருந்ததில்லை. வேலையில்லாமல் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தால் அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும் போலிருக்கிறது. தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டால், தண்ணீர் வருவதற்குள் அவர் கையில் ஒரு சாக்கின் முனை இருக்கும். மூட்டை ஏற்ற வந்த ஜீப் டிரைவர்கள் உள்ளே வரப் பயந்து தெருவிலேயே ஹாரன் அடிப்பார்கள்.

பஸ்சிலும் அவள் இப்படித்தான். எங்கள் ஊர் சிலமலைக்கும் அவள் ஊருக்கும் ஒரே பஸ்சுதான். மொச்சை வரும் காலத்தில் சந்தையில் ஒரு பை மொச்சைக்காய் வாங்கிக்கொண்டு ஏறுவாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர் மடியில் ஒரு கை மொச்சையைப் போட்டுவிடுவாள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு தடவை கோட்டுப் போட்ட ஒருவர், ஏதோ பெரிய உத்தியோகமாக இருக்க வேண்டும், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே உரித்தார். இறங்கும்போது பையில் உரித்த பயறாக இருக்கும். தோலை அப்படியே பின்சீட்டில் வரும் ஆடு வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

எங்களோடு பொறுக்கிய ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் கிட்டங்கிக்கே வந்துவிட்டார்கள். வேலை செய்கிற இடத்தில் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒளிந்து பார்க்கிற யோசனை. மாப்பிள்ளையின் தாயார், சித்தி, மாப்பிள்ளை மூன்று பேரும் அடுத்த கால் மணி நேரத்தில் மூன்று சொளகோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிட அக்கா மாப்பிள்ளையைப் பார்த்ததுதான் அதிகம். அவர்கள் போனதும் அந்தப் பெண்ணிடம் வந்து, "பயகிட்ட பதட்டமில்ல. வெடிச்ச காய ஒண்ணுகூட விடல. கட்டிக்க" என்றாள். கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுடைய சொந்த அண்ணன் இறந்தபோது நாங்கள் ராசிங்காபுரம் போனோம். எடுத்து முடித்து ஆண்கள் திரும்பி வருவதற்குள் சமைக்க வேண்டும். அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்களின் மடியில் இவள் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து கொட்டினாள். அண்ணன் பெண்டாட்டியின் மடியிலும் கொட்டினாள். ஒரு கிழவி கேட்டேவிட்டாள். "ஏண்டி, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"எப்பிடியும் கண்ணுல தண்ணி வரத்தான போகுது. உரிக்கட்டும்" என்றாள் அக்கா.

எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த அண்ணி மறுபேச்சில்லாமல் ஒவ்வொரு வெங்காயமாக எடுத்து உரித்ததையும், கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, "கத்திய யாரு எடுத்தா?" என்று சாதாரணக் குரலில் கேட்டதையும் பார்த்தேன். நானும் ஒரு கை வெங்காயத்தை அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன்.

நான் அவளிடம் முதன்முதலாகப் போனது எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சிலமலையில் எங்கள் தெருவில் பெண்களில் நான்தான் முதல் பாஸ் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த வருஷம் ஆடியில் அம்மா புல்லுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. உட்கார வைத்தால் உட்காருவாள், தானாக எழுந்திருக்க முடியாது. அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, துணி மாற்றிவிட நான் ஒருத்திதான். அப்பாவுக்கு அடுத்தவர் தோட்டத்தில் வேலை. வைத்தியத்துக்கு அது போதவில்லை.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் என் சித்தி, கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் தங்கி வேலை பார்த்தாள். அங்கே ஆள் கூட்டிப்போகிற கங்காணி, வெள்ளிக்கிழமை ஜீப்பு வரும், பெண்ணை அனுப்புங்கள் என்று அப்பாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். குரங்கணி வரைக்கும் ஜீப்பு, அதற்கு மேல் நடை. போனால் பொங்கலுக்குத்தான் திரும்பி வரலாம். அட்டைப்பூச்சிக்கும் குளிருக்கும் நான் பயப்படவில்லை. நான் மலைக்குப் போய்விட்டால் காலையில் அம்மாவைத் தூக்குவது யார்? அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அடிக்கடி எழுப்ப ஆள் தேட வேண்டாமே என்று. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் கொல்லையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, போடிக்கு பஸ் ஏறினேன். பொழுதடைய வீடு திரும்புகிற மாதிரி ஒரு வேலை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து நாள் போடித் தெருக்களில் நடந்தேன். ஜவுளிக்கடையில் கேட்டார்கள், "முன்ன எங்க வேல பாத்த?" சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்ற டாக்டர் வீட்டில் கேட்டார்கள், "முன்ன எங்க இருந்த?" அச்சாபீசில், எழுத்துக் கோத்துப் பழக்கம் உண்டா என்றார்கள். பாஸ் பண்ணியிருக்கிறேன் என்று புத்தகத்தைப் பிரித்தால், நல்ல மார்க்கும்மா என்று அன்பாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இன்னொரு ஜவுளிக்கடையில் பொறுக்க மாட்டாமல் பொய் சொன்னேன். பக்கத்துத் தெருக் கடையில் ஆறு மாசம் இருந்தேன் என்றேன். அந்தக் கடை அவருடைய மச்சினனுடையது. நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

கங்காணி வருகிற வாரத்தின் திங்கட்கிழமை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு இந்தக் கிட்டங்கி வாசலுக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே நுழையும்போதே ஏலக்காய் நெடி மூக்கில் ஏறியது. நிலையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு முருகன் படம். அதற்குக் கீழே சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஆணி மல்லிகை, கனகாம்பரம் என்று பூத்துண்டுகள் தொங்கின. பரவாயில்லை, பக்தியுள்ள இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மொதலாளியப் பாக்கணும்."

"மொதலாளி ஏலத்துக்கு வண்டன்மேடு போயிருக்காரு. வியாழக்கெழம வருவாரு" என்றாள் சாவிக்கொத்துக்காரி.

"அப்ப வியாழக்கெழம வர்றேன்."

"ஒனக்கு எந்த ஊரு?"

"சிலமல."

"அங்க திரும்பிப் போக பஸ்சு ஒண்ணரைக்குத்தான். இப்ப மணி ஒம்பது. அதுவரைக்கும் என்ன செய்வ?"

அவள் என் நெஞ்சிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "இத அணைச்சுக்கிட்டு எப்பிடிப் பொறுக்குவ? அந்தப் பலகையில வையி" என்று சொல்லிச் சொளகைக் கொடுத்தாள்.

எது நல்ல காய், எது கழிவு என்று ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. அப்படி எதையுமே அவள் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நான் பிரித்து வைத்த குவியலிலிருந்து போகிற போக்கில் நாலு காயை எடுத்து அடுத்த குவியலில் போட்டுவிட்டுப் போவாள். ஏன் மாற்றினாள் என்று நானே அந்த நாலையும் உற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒண்ணரை மணி பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. சாயங்காலம் எல்லோரும் எழுந்தபோது என்னிடம் கேட்டாள்.

"நாளைக்கு என்ன சோலி ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப சும்மாதான இருப்ப. வா."

கூலி பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், போகிற வருகிறவளிடம் ஓசியில் வேலை வாங்குகிற கெட்டிக்காரி என்றுதான் அவளைப் பற்றி நினைத்தேன். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமையை எண்ணுவதைவிட இது மேல் என்று தோன்றியது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் போனேன். அம்மா படுக்கையில் கிடப்பதை அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் நாலு காயை மாற்றிப் போடுவது இரண்டாகி, புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் என் குவியலைத் தொடாமலே தாண்டிப் போனாள்.

வியாழக்கிழமை. முதலாளியைப் பார்க்கப் போகிற நாள். வழக்கத்துக்கு முந்தின பஸ்சுக்கே கிளம்பினேன். அம்மா படுத்தபடியே முந்தின நாள் சாயங்காலம் மல்லிகை வாங்கித் தொடுத்து வைத்திருந்தாள். இரண்டு முழம். "மொத மொதல்ல மொதலாளியப் பாக்கப் போற. தலை வெறிச்சுன்னு போகாத ஆத்தா" என்றாள். கிட்டங்கிக்கு வந்ததும் அதில் ஒரு முழத்தை அறுத்து, எப்படியாவது வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முருகன் படத்துக்குக் கீழே ஒரு காலி ஆணியில் பயபக்தியோடு மாட்டினேன். மீதி ஒரு முழம் தலையில்.

முதல் பஸ்சிலேயே வந்துவிட்ட அக்கா பின்கட்டில் மூட்டைகளைத் திறந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. பலகைமேல் ஒரு தகர டப்பா இருந்தது. ஊரில் வந்து தங்கியிருந்த வடக்கத்தி வியாபாரிக்குக் காட்டுவதற்காக முந்தின நாள் பொறுக்கியதிலெல்லாம் பொறுக்கி எடுத்த மாதிரிச் சரக்கு. முதலாளி வருவதற்குள் அது இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த டப்பாவைத் திறந்து, அதன்மேல் குனிந்து, ஒரு மணி நேரம் மறுபடியும் பொறுக்கினேன். ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் மூடியை இறுக்கி மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பின்வரிசை மூலையில் போய் உட்கார்ந்தேன். மூலை இருட்டு. என் தலையை யாரும் கவனிக்கவில்லை.

முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, அவசர நடை. வியாபாரி பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தவர், உள்ளே மூக்கை நீட்டினார். நீட்டிய மூக்கை எடுத்தார். கையை விட்டு அள்ளினார். உள்ளங்கையில் பத்துப் பதினைந்து ஏலக்காய், நடுவில் வெள்ளையாக இரண்டு மல்லிகை மொட்டு.

"இது என்னது? பூக்கடையா?"

ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பொறுக்குகிற பெண்கள் தலையில் பூவோடு உள்ளே வர மாட்டார்கள். வருகிறபோது ஆணியில் மாட்டிவிட்டு, போகும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து, பஸ்சுக்காக முன்னால் ஓடிய நான் அதைப் பார்த்ததில்லை. அந்த ஆணிகளுக்கு அர்த்தம் அதுதான், சாமிக்கு அதில் பங்கில்லை. இது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. பதினேழு தலைகளில் ஒன்றிலும் பூ இல்லை. என் கை தானாக என் பின்னந்தலைக்குப் போனது. யாரும் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரு இவ? யாரு உள்ள விட்டது?"

"நாந்தான்" என்றாள் அக்கா. "பூ வச்சு வரக்கூடாதுன்னு அதுக்குச் சொல்லாதது எந் தப்பு."

"வர்றவ போறவ கையிலெல்லாம் சொளகக் குடுக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இப்ப அவருகிட்ட எதக் கொண்டுபோய்க் காட்ட?"

வெள்ளிக்கிழமை ஜீப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. என்னால் அவளுடைய வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால், நடுவில் பதினேழு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள். அதே சரக்கு மூட்டையிலிருந்து அள்ளி, பதினேழு சொளகிலும் இரண்டிரண்டு கை போட்டாள். என் தலையிலிருந்த பூவை அறுத்தெடுத்து வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வந்து, என் சொளகிலும் போட்டாள். அப்புறம் இன்னொரு சொளகை எடுத்து நிரப்பி, கத்திக்கொண்டிருந்த முதலாளியிடம் நீட்டினாள்.

"மணி ஒம்பதே முக்கா. சும்மாதான நிக்கிறீக. இந்தாங்க, வெரசா பாருங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், சொளகைப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார். காலியாக இருந்த பெட்டி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

முதலாளி ஏலக்காய் வியாபாரிதான், ஆனால் தன் அப்பா காலத்தில் பொறுக்கியதோடு சரி போலிருக்கிறது. வேகமாகத்தான் பொறுக்கினார், ஆனால் ரகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நல்ல குவியலில் ஒரு வெளுத்த காயைத் தள்ளினார். மூன்று நாள் பழக்கம் எனக்கு. யார் சொளகு என்று யோசிக்காமல் கையை நீட்டி அதை எடுத்து மறுபக்கம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றையும் எடுத்தேன். "இது அடியில வெடிச்சிருக்கு" என்று வேறு சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

முதலாளி அந்தக் காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் முடி இழையளவுக்கு ஒரு வெடிப்பு.

"எந்த ஊரு?"

"சிலமலைங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான். பத்தேகாலுக்குப் புது மாதிரிச் சரக்கைப் புது டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்து கணக்கப்பிள்ளையோடு பேசினார், சிரித்தார், போனார். என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒன்ன எப்பக்கா வேலைக்குச் சேத்தாக?"

அவள் சிரித்தாள். "யாரு சேத்தா? நா எங்க மதினிக்குச் சோறு கொண்டாந்தேன். அவ தின்னு முடிக்கிறவரைக்கும் பொறுக்குன்னாக. மூணு வருசமாச்சு." அவளுக்கு அடுத்தவள் மழைக்கு ஒதுங்க வந்தவள். எதிர்வரிசைப் பெண் வேறு வீட்டுக்கு வழி கேட்க வந்தவள். ஒவ்வொருத்தியாக விசாரித்ததில், வேலை என்று கேட்டு, உண்டு என்று முதலாளி வாயால் கேட்டு வந்தவள் அந்த இரண்டு வரிசையில் ஒருத்திகூட இல்லை. எட்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடச் சத்துணவு வேலைக்கு என்னை நேரில் அழைத்துப் பேசிய அதிகாரி, முந்தின வேலையில் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

கிட்டங்கியைப் பூட்டும்போது அக்காவிடமே கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்க எல்லாரு கையிலயும் சொளகக் குடுக்குறது இதுக்குத்தானா?"

"எதுக்கு?"

"வேலை கேட்டு வர்றவகளுக்காக."

அவள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். "நிக்கிறவளப் போன்னு சொல்றது லேசு. வேலை செய்யிறவள எந்திரின்னு சொல்ல யாருக்கும் நாக்கு வராது" என்றாள். "தபாலு, ஜீப்பு டிரைவரு எல்லாம் எனக்குப் பொழுது போகாம."

அது உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வருகிற எல்லோருக்கும் கொடுத்தால்தான், தேவைப்பட்டவளுக்குக் கொடுத்தது யார் கண்ணிலும் உறுத்தாது என்று அவள் கணக்குப் போட்டிருக்கலாம். அப்படிக் கணக்குப் போடுகிறவளாகத் தன்னை அவள் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

"அப்ப எனக்கு வேலை உண்டா, இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? ஒருநா வராம இருந்து பாரு. எங்க அந்தப் புள்ளன்னு மொதலாளி கேட்டா இருக்குன்னு அர்த்தம்."

வராமல் இருக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் கங்காணியின் ஜீப்பு எங்கள் தெருமுனையில் நின்றது. அப்பா வாக்குக் கொடுத்தவர். "வாக்கு மாத்துறதுக்கு எனக்கு வாய் வராது. நீயே சொல்லிக்க" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "அங்க வேலை இருக்குன்னு மொதலாளி வாயால சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொல்லல."

"பெறகு?"

எனக்கும் அதே கேள்விதான். உள்ளே அம்மா மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தாள். நான் கங்காணியிடம் போய், வரவில்லை என்றேன். ஜீப்பில் எட்டுப் பேர் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மலையாள நாட்டுப் பக்கம் இருந்த மனிதர் அவர். போதும் என்பதற்கு மதி என்பார். ஏன் வரவில்லை, என்ன வேலை, எங்கே என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டு, நான் தடுமாறுவதைப் பார்த்ததும் கையை வீசி, "மதி மதி. இந்த வருசத்துக்கு இதுதான் கடேசி ஜீப்பு. பின்னால வந்து அழப்படாது" என்று சொல்லிக் கிளம்பினார். அந்தப் பேச்சில் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சு எங்கள் ஊருக்கு வருகிற வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. கால் கடுக்க நின்றுவிட்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினேன். மலை வேலையும் போச்சு, கிட்டங்கிக்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் இறங்கி நேராகக் கிட்டங்கிக்குள் நுழைந்தேன். யாராவது என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால் அப்படியே திரும்பிவிடுவது என்றிருந்தேன். எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மூலை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அக்கா வந்து என் சொளகில் இரண்டு கை காயைப் போட்டாள். போட்டுவிட்டு, மூட்டை வாயைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நேத்து மொதலாளி வந்தவொடனே கேட்டாரு. எங்க அந்தச் சிலமலப் புள்ளன்னு."

நான் கையிலிருந்த காயைச் சொளகில் திரும்பப் போட்டேன்.

"ஆத்தாளுக்கு முடியல, நாளைக்கு வரும்னேன். தெனமும் அஞ்சு மணி பஸ்சுக்கு அனுப்பிரு, ஆத்தாளப் பாக்கணும்லன்னாரு."

அதுவரைக்கும் நான் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அந்த அஞ்சு மணி பஸ்சில் உடைந்துவிட்டேன். சொளகின்மேல் குனிந்து, தோள் குலுங்க, சத்தம் வராமல் அழுதேன். பதினேழு பேரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். என் தோளில் யாரோ கை வைக்க வந்தார்கள்.

அக்கா என் மடியிலிருந்து சொளகை எடுத்து எட்ட வைத்தாள்.

"அழுகுறதுன்னா தள்ளி உக்காந்து அழு ஆத்தா. காயில தண்ணி படக்கூடாது."